இந்த ஆமை எந்த ஆமை?

பி.காம் படிக்கிறவனுக்கு ஆமையோடு என்னடா வேலை என்று கேட்கிறான் பெஞ்சில் பக்கத்தில் இருப்பவன். "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது" என்ற பழமொழியில் பாதி எங்கள் பாடம்தான். அமீனா, கடன் கட்டாதவன் வீட்டுக்கு ஜப்தி செய்ய வரும் கோர்ட் ஆள். ஆமை பாவம், யாருக்கும் கடன் வைக்காமலே அந்த வரியில் மாட்டிக்கொண்டது :-)

மதுரையைச் சுற்றிக் கண்மாய் தூர்வாரும்போது ஜேசிபி அள்ளிப்போடும் சேற்றில் சில சமயம் ஆமையும் சேர்ந்து வரும். தண்ணீர் வற்றினால் சேற்றுக்குள் புதைந்து அடுத்த மழைவரை கிடக்கிற ஜாதி அது. உடனே கூட்டம் கூடிவிடும். கிணற்றில் போடு என்பார் ஒருவர், கறி நல்லா இருக்கும் என்பார் இன்னொருவர். இது எந்த ஆமை என்று மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள்.

அதைக் கண்டுபிடிப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஓட்டைத் தொட்டால் கல் மாதிரி இல்லாமல் வழுவழுவென்று தோல் போர்த்தியிருந்தால் அது பாலாமை. மூக்கு சின்னக் குழாய் போல நீண்டிருக்கும். ஒவ்வொரு காலிலும் மூன்று நகம்தான். அடிப்பக்கம் பின்னால் இரண்டு தோல் மடிப்புகள் உண்டு, காலை உள்ளே இழுத்ததும் கதவு மாதிரி மூடிக்கொள்ளும். (தலைப்பக்கம் கை வைக்காதீர்கள். கழுத்து நீளம், கடியும் பலம்.) ஓடு கெட்டியாக, கறுப்பாக, முதுகில் நீளவாக்கில் மூன்று வரப்பு ஓடினால் அது கறுப்பு ஆமை, மெலனோகெலிஸ் ட்ரைஜூகா.

பாலாமையின் அறிவியல் பெயர் லிஸ்ஸெமிஸ் பங்க்டேட்டா. பங்க்டேட்டா என்றால் புள்ளி உள்ளது என்று அர்த்தம். ஆனால் நம்ம ஊர் பாலாமை ஓட்டில் புள்ளியே கிடையாது! மஞ்சள் புள்ளி இருப்பது கங்கை, சிந்துப் பக்கத்து வடக்கத்தி ஆமைக்கு. 1789இல் போனத்தேர் என்ற பிரெஞ்சுக்காரர் வைத்த பெயர் இது. பின்னால் வந்தவர்கள் அதைப் புள்ளி ஆமையின் கணக்கில் எழுதிவிட்டார்கள். 1980இல் ராபர்ட் வெப் பழைய விவரங்களைத் தோண்டி, அந்தப் பெயர் புள்ளி இல்லாத தெற்கத்தி ஆமைக்கே சேரும் என்று காட்டினார். வடக்கத்தி ஆமைக்கு ஆண்டர்சோனி என்று புதுப் பெயர் வைத்தார். அக்கவுண்ட்ஸில் நாங்கள் போடும் பிழைதிருத்தப் பதிவு மாதிரியேதான். இலங்கையில் இருப்பதையும் இதோடுதான் சேர்த்து வைத்திருந்தார்கள், 2011இல் மரபணுவைப் பார்த்துத் தனி இனமாகப் பிரித்தார்கள். அங்கே சிங்களத்தில் அதற்குப் பெயர் "கிரி இப்பா". அதுவும் பால் ஆமைதான்!

பெயரில் என்ன இருக்கிறது என்று விட முடியாது. பாலாமை 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது, புலி இருக்கும் அதே அட்டவணை. கறி சமைத்தவர் மூன்று முதல் ஏழு வருடம் வரை உள்ளே போகலாம். பழமொழிக்குப் பயப்படுகிறவர்கள் இதற்குப் பயப்படக் காணோம்.

எனக்கு அதிகம் வருத்தம் தருவது நட்சத்திர ஆமை விஷயம். ஓட்டில் மஞ்சள் நட்சத்திரக் கோலம், யானைக்கால் மாதிரி உருண்டையான கால், விரலுக்கிடையே சவ்வு கிடையாது. நம் முள்காட்டுப் பக்கம் புல் தின்று திரியும் தரை ஆமை அது, நீந்தத் தெரியாது. ஆனால் தமிழில் எல்லாமே ஆமைதானே? ரோட்டோரம் பார்த்த நல்ல மனசுக்காரர் யாராவது புண்ணியம் என்று தூக்கிக்கொண்டுபோய்க் கண்மாயில் விடுகிறார். அது மூழ்கிச் செத்துவிடும். அடுத்த முறை ஒன்றைப் பார்த்தால், தூக்குவதற்கு முன்னால் காலைப் பாருங்கள். அது எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்ததோ அந்தப் பக்கமே ரோட்டைத் தாண்டி விட்டால் போதும், தண்ணீர் வேண்டாம்.