கடனாகப் பெற்ற உரிமை

அரசுக்கு அஞ்சியே வாழ்வது அடிமை வாழ்வு. அரசே இன்றி வாழ்வது அச்ச வாழ்வு. இவ்விரண்டிற்கும் இடையே மனிதன் அமைத்துக்கொண்ட ஒழுங்கே உரிமை வாழ்வு. அமைதிக் காலத்தில் அதனைப் போற்றாதார் இலர். போர் வந்து கதவைத் தட்டும்போதுதான் அதன் உறுதி சோதிக்கப்படுகிறது. மலாயாவின் அவசரகாலம் அத்தகைய சோதனைகளுள் ஒன்று.

1948ஆம் ஆண்டு ஜூன் திங்களில், சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் ஐரோப்பிய அதிகாரிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். பிரிட்டிஷ் அரசு உடனே அவசரகாலத்தை அறிவித்தது. மலாயாக் கம்யூனிஸ்டுக் கட்சியினர் காட்டிலிருந்து நடத்திய ஆயுதப் போர் 12 ஆண்டுகள் நீடித்தது. பொதுமக்களுள் மட்டும் 2,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். விடியற்காலையில் பால்வெட்டச் சென்றவர் நலமாக வீடு திரும்புவார் என்று உறுதி கூற இயலாத காலம் அது. குடிகளின் உயிரைக் காப்பது அரசின் முதற்கடமை. ஆதலின் அரசு படை திரட்டியதைக் குறைகூறுவதற்கில்லை.

ஆனால், அக்காவலுக்கு மக்கள் கொடுத்த விலை சிறிதன்று. 12 வயது நிரம்பியோர் அனைவரும் அடையாள அட்டை பெற்றாக வேண்டும் என்றாயிற்று. விசாரணையின்றி எவரையும் தடுத்துவைக்க அரசு அதிகாரம் பெற்றது. 1950இல் வகுக்கப்பட்ட பிரிக்ஸ் திட்டத்தின்படி ஏறத்தாழ 5,00,000 பேர் புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் சீனர். தோட்டத்து லயங்களையும் முள்வேலி சூழ்ந்தது. அரிசி அளந்து வழங்கப்பட்டது. டின் உணவைத் துளையிட்டே விற்க வேண்டும் என்ற விதியும் சில இடங்களில் வந்தது. துளையிட்ட டின்னைப் பதுக்கிவைத்துக் காட்டுக்கு அனுப்ப இயலாதன்றோ?

போர்க்கால அதிகாரம் எவ்வளவு கொடியதாக மாறக்கூடும் என்பதற்கும் சான்றுகள் உள. 1948 டிசம்பரில் பத்தாங் காலியில் ஆயுதமற்ற கிராமத்தார் 24 பேரைப் பிரிட்டிஷ் படையினர் சுட்டுக் கொன்றனர். தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக விளங்கிய எஸ். ஏ. கணபதி, துப்பாக்கி வைத்திருந்தார் என்ற குற்றத்திற்காக 1949 மே 4ஆம் நாள் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். ஆயுதம் வைத்திருந்தாலே மரணம் என்பது அன்றைய அவசரகால விதி.

ஆபத்துக் காலத்தில் குடிகள் தம் உரிமையில் ஒரு பகுதியை அரசிடம் ஒப்படைப்பது தவிர்க்க இயலாதது. அது தானமன்று, கடன். போர் முடிந்ததும் திருப்பித் தரப்பட வேண்டிய கடன். அது திருப்பித் தரப்பட்டதா?

1957இல் நாடு விடுதலை பெற்றது. 1960 ஜூலை 31ஆம் நாள் அவசரகாலம் முடிவுற்றது. மறுநாளே, ஆகஸ்டு 1ஆம் நாள், உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. காவல்துறை ஒருவரை 60 நாள்வரை தடுத்துவைக்கலாம். அதன்பின் அமைச்சர் ஆணையால் ஈராண்டுக் காவல். அதனையும் மீண்டும் மீண்டும் நீட்டிக்கலாம். ஆயுதப் புரட்சியை முன்னிட்டு எழுந்த அச்சட்டம், 1987 அக்டோபரில் அரசியல்வாதிகள், சமூகத் தொண்டர்கள் உள்ளிட்ட நூற்றுக்கும் மேற்பட்டோர்மீது பாய்ந்தது. 1989 டிசம்பரில் ஹாட்யாயில் கம்யூனிஸ்டுக் கட்சி அமைதி உடன்பாட்டில் கையொப்பமிட்டது. பகை ஒழிந்தது, சட்டமோ 2012 வரை வாழ்ந்தது. அவ்வாறே, 1969இல் அறிவிக்கப்பட்ட நெருக்கடிநிலையும் 2011இல்தான் முறைப்படி நீங்கியது. அதற்கிடையே ஒரு தலைமுறை பிறந்து, வளர்ந்து, பேரப்பிள்ளைகளையும் கண்டுவிட்டது!

இதனைத் தனியொருவர் குற்றமாகக் கருதுதல் பொருந்தாது. அதிகாரத்தைக் கையில் ஏந்தியவருக்கு அதனைக் கீழே வைக்கும் நாள் ஒருபோதும் வந்துவிட்டதாகத் தோன்றுவதில்லை. அந்நாளை நினைவூட்ட வேண்டியவர் குடிமக்களே. போர்க்காலத்தில் நாட்டைக் காத்தல் அவர்தம் கடமையெனில், அமைதிக் காலத்தில் கொடுத்த கடனைக் கேட்டுப் பெறுதலும் கடமையேயாகும்.

வள்ளுவர் செங்கோன்மை, கொடுங்கோன்மை ஆகிய அதிகாரங்களை அடுத்து வெருவந்த செய்யாமை என்றோர் அதிகாரம் வகுத்தார். குடிகள் அஞ்சத்தக்கவற்றைச் செய்யாமை ஆள்வோர்க்கு உரிய தனியறம் என்பது அவர்தம் முடிவு. வகுப்பறையில் அவ்வதிகாரங்களை நடத்தும் ஆசிரியர், அவற்றின் அருகே இந்நாட்டு வரலாற்றையும் வைத்துக் காட்டலாம். 1957 ஆகஸ்டு 31 மாணவர்க்கு மனப்பாடம். 1960 ஆகஸ்டு 1ஐயும் அவர்கள் அறிந்திருத்தல் வேண்டும். விடுதலை வந்த நாளை அறிந்தால் மகிழ்ச்சி பிறக்கும். அது குறைந்த நாளையும் அறிந்தால் விழிப்புப் பிறக்கும். விழிப்புள்ள குடிகளே நல்லரசின் காவலர்.