எல்லைக் கல்லும் பசுத் தொழுவமும்



கால்நடைப் பண்ணை என்றவுடன், அமெரிக்கச் சமவெளியில் குதிரைமீதேறிப் பெருமந்தைகளை ஓட்டிச் செல்லும் மனிதரே பலருக்கும் நினைவுக்கு வருவர். 1874-இல் முள்கம்பிக்குக் காப்புரிமை வழங்கப்பட்டபின், அந்தத் திறந்த மேய்ச்சல் நிலங்களின் காலம் மெல்ல மெல்ல முடிவுற்றது. ஒரு கோடு வந்தது. மந்தையின் வழி அடைபட்டது.

நம்முடைய பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களில் அத்தகைய சமவெளி இல்லை. மேட்டிலே விளை, பள்ளத்திலே ஏலா, இரண்டுக்கும் இடையே வீடு, வீட்டின் பின்னே தொழுவம். பத்து சென்ட் நிலமும் ஒரு பசுவுமே ஒரு குடும்பத்தின் பண்ணையாயிருந்தது. கறுத்த, சிறிய நாட்டுப்பசு வரப்புப் புல்லையும் ஏலாவின் வைக்கோலையும் தின்று வாழ்ந்தது. அதன் சாணம் வயலுக்குத் திரும்பியது. உழவும் எருவும் பாலும் ஒரே சக்கரமாய்ச் சுழன்றன.

இங்கும் ஒரு கோடு வந்தது. 1956 நவம்பர் 1-ஆம் நாள் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது அகஸ்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் தமிழ்நாட்டோடு இணைந்தன. தமிழர் கோரிய நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே தங்கிவிட்டது. இஞ்சிவிளை ஒரு மாநிலம், களியக்காவிளை மறு மாநிலம் என்றாயிற்று. அண்ணன் வீடு அப்பால், தங்கை வீடு இப்பால். 1959-இல் தென்னிந்தியத் திருச்சபையின் தென் திருவிதாங்கூர்ப் பேராயமும் தென் கேரளம், கன்னியாகுமரி என இரண்டாயிற்று.

ஆயினும் பசு எல்லைக் கல்லை அறியாது. அது தண்ணீரையும் புல்லையுமே அறியும். நெய்யாற்று அணையின் இடதுகரைக் கால்வாய், நெய்யாற்றின்கரை வட்டத்தைக் கடந்து விளவங்கோட்டின் 9,200 ஏக்கருக்கு நீர் சேர்க்கும்படி அமைக்கப்பட்டது. எல்லை பிரிந்த பின்னும் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் நீர் எல்லையைத் தாண்டியே பாய்ந்தது. 2004-இல் கேரளம் அதை நிறுத்தியது. 2012-இல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்தை நாடியது. ஈசாக்கின் வேலைக்காரர் தோண்டிய கிணறுகளுக்காக மேய்ப்பர்களிடையே எழுந்த வழக்கை வேதத்தில் வாசித்திருக்கிறோம். நம் காலத்திலும் மந்தையின் வழக்கு தண்ணீரின் வழக்காகவே இருக்கிறது.

பழியை நீரின்மேல் மட்டும் சுமத்துவது நியாயமாகாது. எல்லையின் இரு புறமும் ஏலாக்கள் வாழையும் மரச்சீனியுமாக மாறின. மேட்டு விளைகளில் ரப்பர் ஏறியது. நெல் போனபோது வைக்கோல் போயிற்று. 1963-இல் மாட்டுப்பட்டியில் தொடங்கிய இந்திய-சுவிஸ் திட்டத்தின் வழியாகப் பால் மிகுந்த கலப்பினப் பசுக்கள் கேரளமெங்கும் பரவின. அவற்றின் பால் ஏழைக் குடும்பங்களைத் தாங்கியது உண்மை. ஆனால் அவற்றிற்கு விலைகொடுத்து வாங்கும் தீவனமும் தட்டாத தண்ணீரும் வேண்டும். வரப்புப் புல்லில் வாழ்ந்த நாட்டுப்பசு தொழுவத்தை விட்டு நீங்கியது.

இன்று பாறசாலைக்குச் செல்வீர்களானால், தமிழ்நாட்டிலிருந்து வரும் வைக்கோல் லாரிகளைக் காண்பீர்கள். எல்லை தாண்டி வரும் பாலைப் பரிசோதிக்கக் கேரளப் பால்வளத் துறை அங்கே சோதனை நிலையம் நடத்துகிறது. ஒருகாலத்தில் அண்டைவீட்டார் செம்பில் கொடுத்தனுப்பிய பால், இன்று சான்றிதழோடு லாரியில் வருகிறது.

சில ஆண்டுகளுக்குமுன் அப்பகுதியில் ஒரு வீட்டில் தங்கினேன். தொழுவத்தில் இருசக்கர வண்டி நின்றது. புல்தொட்டியில் சிமெண்ட் மூட்டைகள். வீட்டு அம்மையார், "மக்க எல்லாம் சென்னையிலே, ஐயா. பசுவை யாரு பாக்க?" என்றார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அவர் காய்ச்சித் தந்த தேநீரில் பாக்கெட் பால்.

அன்பானவர்களே, சென்னையிலும் மும்பையிலும் குடியிருக்கும் நம்மில் பலரைப் படிக்க வைத்தது அப்படிப்பட்ட ஒரு தொழுவமே. பால் விற்ற காசுதான் பள்ளிக் கட்டணமாயிற்று. நம் ஊரின் சரித்திரத்தை வட்டங்களின் பெயரால் மாத்திரம் பிள்ளைகளுக்குச் சொன்னால் அது பாதிச் சரித்திரம். அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது அவர்களை ஏலாவின் கரைக்கும் வறண்ட கால்வாய்க்கும் அழைத்துச் செல்லுங்கள். முதியோர் இருக்கும்போதே பசுவின் பெயரைக் கேட்டு எழுதி வையுங்கள். அந்தப் பெயரை அறிந்தவர் இன்னும் சிலரே.