பறையைப் பெண் கையில் கொடுத்தவர்கள்

எங்க அய்யலூர்ப் பக்கம் பறை என்றாலே பெரும்பாலும் சாவு வீட்டு வாசல்தான். அடிப்பதும் ஆண்கள்தான். அந்தப் பறையைப் படிப்பு நின்றுபோன தலித் பெண்பிள்ளைகளின் தோளில் மாட்டிவிட்டவர்கள் திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் சகோதரி சந்திராவும் சகோதரி ஃபெல்சியும். 1990 வாக்கில் தொடங்கிய வேலை. பறையாட்டத்தோடு தையலும் பழகுகிறார்கள் பிள்ளைகள்.

அரிசி மூட்டை கொடுப்பதும் உதவிதான். இழிவென்று ஊர் ஒதுக்கிய கருவியை, ஒதுக்கப்பட்ட பிள்ளையே நடுத்தெருவில் நிமிர்ந்து நின்று அடிக்க வைப்பது அதைவிடப் பெரிய உதவி என்பேன். அமெரிக்க இசை ஆய்வாளர் சோயி ஷெரினியன் இவர்களைப் பற்றி 'சக்தி வைப்ரேஷன்ஸ்' என்று ஆவணப்படமே எடுத்தார்.

திருவிழாவுக்கு ஆர்கெஸ்ட்ரா பேசப்போகும் நம்மூர்க் கமிட்டிக்காரர்களே, இந்த வருஷம் இந்தப் பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். மேடை போட்டு, பேசிய சம்பளத்தை முழுசாகக் கொடுத்து.