மாமாவின் வள்ளம்

குறைந்து செல் மதிப்பு முறையில் தேய்மானம் போட்டால் எந்தச் சொத்தும் பூஜ்யமாகாது என்று பி.காம்.மில் படித்திருக்கிறேன். தூத்துக்குடி மாமாவின் மோட்டார் வள்ளத்தைப் பார்த்ததும் அதில் சந்தேகம் வந்துவிட்டது!

வெளியே பெயின்ட் பளபள. உள்ளே வங்குகள், அதாவது வள்ளத்தின் விலா எலும்புகள், ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் ரவா உப்புமாவாக உதிர்ந்தன.

"உப்புத் தண்ணி அரிச்சிருச்சா மாமா?"

"எலே, உப்பு மரத்தை மக்க விடாது. உள்ள தேங்குன மழைத் தண்ணிதாம்லே எமன்!"

விறகு விலைக்குத் தள்ளிவிடலாமே என்றேன். "பொறவு நான் எவன் போட்டுலலே கூலிக்குப் போவேன்?" என்றார். வாயை மூடிக்கொண்டு பாஸ்புக்கைத் திறந்தேன்.

எல்லா வங்கையும் ஒரேயடியாகப் பிடுங்கினால் வள்ளம் வடிவம் இழந்துவிடுமாம். முட்டுக் கொடுத்து, ஒன்று விட்டு ஒன்றாக மாற்றினார்கள். இயற்கையாகவே வளைந்த கருவேல மரமாகத் தேடிச் செதுக்கி, போல்ட் முடுக்கி, பலகை இடுக்கில் பஞ்சு திணித்துக் கலப்பற்று...

தண்ணீரில் இறக்கிய அன்றே ஒழுகியது. எனக்கு வயிறு கலங்கியது. "பலகை ஊறி உப்பட்டும், தானா அடைஞ்சிரும்" என்றார் மாமா. மறுநாள் அடைந்தேவிட்டது!

மாமா இப்போது சொந்த வள்ளத்தில் கடலுக்குப் போகிறார். என் பாஸ்புக்தான் இன்னும் கரையேறவில்லை.