வெந்நீர் குளிக்க நூறு மைல்

கடைய திறந்து ரொம்ப நாளாச்சு. "ஆபீஸ்ல ஆணி அதிகம்"னு வழக்கமான பொய்ய இந்த தடவை சொல்லப் போறதில்ல. அப்பா வந்திருக்கார், அதான் விஷயம்.

அம்மா போய் ஒரு வருசம். திதி முடிஞ்ச கையோட அப்பாவை இர்வைனுக்கு கூட்டிட்டு வந்துட்டேன். ஆறு மாசம் இருக்கட்டும், அப்புறம் பேசிப் பேசி இங்கயே இருக்க வெச்சிடலாம்ங்கிறது என் பிளான். அவரோ பால்கனில உக்காந்து ரோட்டுல போற பஸ்ஸ எண்ணிக்கிட்டு இருக்கார். திருநெல்வேலி - நாகர்கோவில் ரூட்ல இருபத்தெட்டு வருசம் அரசு பஸ் ஓட்டின மனுசன். "ஆளே இல்லாம எதுக்குல ஓட்டுதான்?"னு கேக்கறதுதான் ஒரு நாளைக்கு அவர் பேசற ஒரே பேச்சு.

இருபத்தெட்டு வருசம் எஞ்சின் சூட்டுல உக்காந்ததுக்கு கெடைச்ச பரிசு இடுப்பு வலி. அதனால பிப்ரவரில ஒரு சனிக்கிழமை பாம் ஸ்பிரிங்ஸ் கெளம்பினோம். பாலைவனத்துக்கு நடுவுல வெந்நீர் ஊத்து, அதைச் சுத்தி ஸ்பா, ரிசார்ட், கோல்ஃப் மைதானம்னு ஒரு ஊரே உருவாகியிருக்கு. "வெந்நீர்ல குளிக்க நூறு மைலா? வீட்டுலயே ஹீட்டர் இருக்கே"ன்னார். ஞாயமான கேள்வி. பதில் இல்லாததால ஆக்சிலேட்டரை அமுக்கினேன் :-)

சான் கோர்கோனியோ கணவாய்க்குள்ள நுழைஞ்சதும் ரெண்டு பக்கமும் காத்தாடி. நூத்துக்கணக்குல. மனுசன் நிமிர்ந்து உக்காந்துட்டார். "எல, இது ஆரல்வாய்மொழில்லா!" அப்புறம் எனக்கே பாடம் எடுத்தார். மலைக்கு அந்தப் பக்கம் கடல் காத்து, இந்தப் பக்கம் சூடு, நடுவுல சந்து கெடைச்சா காத்து பிச்சுக்கிட்டு வரும்னு. கூகிள்ல படிச்சு வெச்சிருந்ததை நான் சொல்லவே வேண்டியிருக்கல. பாலைவனம் வந்ததும் அதே கதைதான். மேகத்தை சான் ஹசிண்டோ மலை மறிச்சிடுது, கிழக்குப் பக்கம் காஞ்சு போகுது. 2024 ஜூலைல இந்த ஊர்ல 124 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 51 செல்சியஸ் அடிச்சிருக்கு. வந்தா குளிர்காலத்துல வாங்க.

மொதல்ல கேபிள் கார். 1935ல பேனிங்ங்கிற பக்கத்து ஊர்ல வெயில்ல வெந்துக்கிட்டிருந்த ஃபிரான்சிஸ் கிராக்கர்னு ஒரு எலக்ட்ரிகல் எஞ்சினியர், மேல தெரிஞ்ச பனியைப் பாத்து, அங்க போக வழி இருந்தா எப்படி இருக்கும்னு யோசிச்சிருக்கார். நம்ம இனம்! 1963லதான் ஓட ஆரம்பிச்சது. அஞ்சு கோபுரத்துல நாலுக்கு ரோடே கெடையாது, ஹெலிகாப்டர் வெச்சுக் கட்டியிருக்காங்க. 2,643 அடில ஏறி 8,516 அடில எறங்கறோம், பத்து நிமிசம்தான். போறப்பவே கூண்டோட தரை மெதுவா சுத்துது. எல்லாரும் பள்ளத்தாக்கை போட்டோ எடுக்க, அப்பா மட்டும் கூண்டு ஓட்டறவரையே பாத்துக்கிட்டிருந்தார். "ஒரு நாளைக்கு எத்தனை டிரிப்னு கேளுல"ன்னார். நான் வெக்கப்பட்டுக் கேக்கல. இப்ப நெனச்சா கேட்டிருக்கலாம்னு தோணுது.

மேல பனி. வாழ்க்கைல மொத தடவை பாக்கறார். கைல எடுத்துப் பாத்துட்டு, "உங்கம்மா பாத்திருந்தா சத்தம் போட்டிருப்பா"ன்னார். அவ்ளோதான்.

மத்தியானம் ஸ்பா. அந்த ஊத்து அகுவா கலியன்டே பழங்குடிகளுக்குச் சொந்தமானது. அந்தப் பேருக்கே ஸ்பானிஷ்ல வெந்நீர்னுதான் அர்த்தம். 2023ல அவங்களே அங்க புதுசா குளியல் இல்லம் கட்டியிருக்காங்க. துண்டைக் கட்டிக்கிட்டுதான் வருவேன்னு அப்பா ஒரே அடம். கெஞ்சி ஷார்ட்ஸ் போட வெச்சேன். ஆளுக்கொரு தனி அறை, தனித் தொட்டி. வெளில வந்தப்ப முகம் தெளிவா இருந்துச்சு. "இடுப்பு எப்படிப்பா?"ன்னேன். "நல்லாத்தான் இருக்கு. ஆனா குத்தாலத்துல எல்லாரும் ஒண்ணாச் சேந்து கத்திக்கிட்டுக் குளிப்போம். இங்க ஒத்தைல கெடக்கேன்."

சுருக்குன்னுச்சு. அவர் சொன்னது தொட்டியை மட்டும் இல்லைன்னு எனக்குத் தெரியும்.

பேச்சை மாத்த அந்த எடத்தோட கதையைச் சொன்னேன். ஊத்து இருக்கற அந்த ஒரு சதுர மைலுக்குப் பேரு செக்‌ஷன் 14. ரிசார்ட்டுகளைக் கட்டின, பெருக்கின, சமைச்ச கறுப்பின, மெக்சிகத் தொழிலாளிங்களுக்கு ஊருக்குள்ள வேற எங்கயும் வீடு குடுக்கல. அதனால பழங்குடிகளோட இந்த நெலத்துல வாடகைக்கு எடம் புடிச்சு வீடு கட்டிக்கிட்டாங்க. 1959ல இந்த நெலத்தை 99 வருசக் குத்தகைக்கு விடலாம்னு சட்டம் வந்துச்சு. நெலத்தோட மதிப்பு எகிறிடுச்சு. பழங்குடிகள் பலபேரோட சொத்தையே கோர்ட் நியமிச்ச வெளியாட்கள்தான் நிர்வாகம் பண்ணாங்க. குடியிருந்தவங்களைக் காலி பண்ணி, நகராட்சியே வீடுகளை இடிச்சு எரிச்சுது. 2021ல நகர சபை மன்னிப்பு கேட்டுச்சு. 2024ல 59 லட்சம் டாலர் தர ஒத்துக்கிட்டாங்க.

"அந்த ஆளுங்க எங்க போனாங்க?"ன்னார் அப்பா.

"ஊருக்கு வடக்க கொஞ்ச பேர். பேனிங் பக்கம் கொஞ்ச பேர்."

திரும்பி வர்றப்ப பேனிங் போர்டு வந்ததும் "இதானா?"ன்னு கேட்டு, கண்ணாடி வழியா ரொம்ப நேரம் வெளிய பாத்துக்கிட்டிருந்தார். அப்புறம் சொன்னார்: "அவங்கள வெரட்டி விட்டாங்க. நான் நல்லா இருக்க வீட்டை நானே பூட்டிப் போட்டுட்டு வந்திருக்கேன். உங்கம்மா வெச்ச முருங்கை தண்ணி இல்லாம நிக்கும். மார்ச்சுல டிக்கெட் போட்டிரு."

நான் ஒரு மாசமா மனசுக்குள்ள தயார் பண்ணி வெச்சிருந்த வாதம் நெறைய. தனியா இருந்தா யார் பாப்பா, ராத்திரி நெஞ்சு வலிச்சா என்ன பண்ணுவீங்க, எல்லாம். ஒண்ணும் வாயில வரல. "சரிப்பா"ன்னேன். வீடு வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் பேசல. ஆனா இது பழைய மௌனம் மாதிரி இல்ல.

டிக்கெட் போட்டாச்சு. சரியா தப்பான்னு இன்னும் தெரியல. அப்பா அம்மாவை இங்க கூட்டிட்டு வந்து வெச்சுக்கிட்டவங்க, திருப்பி அனுப்பினவங்க, ரெண்டு பேருமே பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க.

டிஸ்கி: நேத்து அப்பா மறுபடியும் கேட்டார், "அந்தக் கூண்டுக்காரர் எத்தனை டிரிப் அடிப்பார்?"னு. ஊருக்குப் போறதுக்குள்ள ஒரு தடவை திரும்பப் போய் கேட்டுடணும்.