கழுவெளிக் கரை

ஐப்பசி அடைமழை பிடித்துவிட்டால் பெரும்பாக்கத்துக்குக் கிழக்கே தரை முடிந்து தண்ணீர் தொடங்கிவிடும். அக்கரையில் சோழிங்கநல்லூர்ப் பக்கத்துத் தென்னைகள் மங்கலாகத் தெரியும். நடுவில் வேறொன்றும் இருக்காது. பங்குனி பிறந்ததும் அதே இடத்தில் எருமைகள் மேயும். எழுபதுகளில் அந்தக் கரையில் வளர்ந்த எங்களுக்கு அதற்கு ஒரே பெயர்தான், கழுவெளி. பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் என்பது பிறகு பத்திரிகைகளில் படித்து நாங்கள் தெரிந்துகொண்ட பெயர்.

ஆயாவுக்கு அங்கே தினமும் வேலை இருந்தது. விடிவதற்குள் கருக்கரிவாளும் பிரிக்கயிறுமாகக் கிளம்பிவிடுவாள். கோரை மாட்டுக்கு, சம்பு கூரைக்கு. ஈரக் கட்டைத் தலையில் தூக்கிக்கொண்டு அவள் கரையேறும்போது முதுகெல்லாம் சேற்றுத்தண்ணீர் வழியும். நான் கூடவே ஓடினால் ஒரே எச்சரிக்கைதான்: "டேய், கண்ட எடத்துல கால வைக்காத, உளை இருக்கு. எருமை போன தடத்துலயே வா." எருமைக்குத் தெரிந்த வழி எந்த சர்வேயருக்கும் தெரியாது என்பது அவள் கட்சி. அந்தக் கட்சியில் நானும் சேர்ந்து பல காலம் ஆகிறது.

தண்ணீர் முழங்கால் அளவுக்கு வற்றும் மாசி மாதத்தில் ஊத்தா போடுவோம். மூங்கில் சிம்புகளால் பின்னிய கூடை அது. அடி அகலம், மேலே கை நுழையும் அளவுக்கு ஒரு வாய். ஆண்கள் வரிசையாக நின்று, ஒரே நேரத்தில் ஊத்தாவைத் தண்ணீருக்குள் குத்தி அழுத்திக்கொண்டே முன்னேறுவார்கள். மீன் உள்ளே மாட்டினால் கூடையின் சுவரில் மோதும். அந்த அதிர்வு உள்ளங்கையில் தெரியும். பிறகு மேல்வாய் வழியாகக் கையை விட்டுச் சேற்றைத் துழாவ வேண்டும். வழவழவென்று தடித்திருந்தால் விரால். மீசை தட்டுப்பட்டால் கெளுத்தி. அவசரப்பட்டுப் பிடித்தால் முள் குத்தி ராத்திரி முழுக்கக் கடுக்கும். தண்ணீர்ப்பாம்பாகவும் இருக்கலாம். அதை வெளியே எடுத்த பிறகுதான் தெரியும் என்பதால், முதல் ஊத்தாவைச் சிறுவர்களிடம் கொடுத்து வேடிக்கை பார்க்கும் மாமாக்களும் இருந்தார்கள்.

பூநாரை, கூழைக்கடா, நாமக்கோழி எல்லாம் வந்து இறங்கும். நாங்கள் அவற்றை அண்ணாந்து பார்த்ததாக ஞாபகமில்லை. தினமும் வருகிறவர்களை யார் பார்க்கிறார்கள்?

அந்தக் காலம் பொன்னான காலம் என்று சொல்ல வரவில்லை. கொசு பிடுங்கித் தின்னும். பிரசவ வலி எடுத்தால் மழைக்காலத்தில் மாட்டுவண்டிதான். ஆனால் எந்த மழையிலும் தண்ணீர் வீட்டுக்குள் வந்ததில்லை. அதற்குக் காரணம் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். மேடவாக்கம், சித்தாலப்பாக்கம், பெரும்பாக்கம் என்று மேற்கே இருக்கும் ஏரிகள் நிரம்பினால் கலங்கல் வழிந்து கழுவெளிக்கு வரும். சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் பெய்யும் மழை கடைசியில் அங்கேதான் வந்து நிற்கும். நின்று நிதானமாக ஒக்கியம் மடுவு வழியே பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, முட்டுக்காட்டுக் கழிமுகத்தில் கடலைச் சேரும். மடுவின் வாய் குறுகல். அதனால்தான் தண்ணீர் காத்திருக்க அவ்வளவு பெரிய இடம் தேவைப்பட்டது.

அப்படிக் காத்திருந்த இடத்தைச் சர்க்கார் கணக்கு புறம்போக்கு என்றது. எதற்கும் ஆகாத இடம் என்று ஒருமுறை முடிவாகிவிட்டால், பிறகு எதற்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். முதலில் பெருங்குடியில் குப்பை கொட்டினார்கள். பக்கத்திலேயே கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் வந்தது. கடல் தொழில்நுட்பத்துக்கும் காற்றாலை ஆராய்ச்சிக்கும் நிறுவனங்கள் வந்தன. பறக்கும் ரயில் வந்தது. துரைப்பாக்கத்திலிருந்து பல்லாவரத்துக்கு இருநூறடிச் சாலை நடுவயிற்றில் கிழித்துக்கொண்டு போனது. ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் நியாயமான தேவைதான். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் சுமார் 5,000 ஹெக்டேராக இருந்த நீர்ப்பரப்பு அப்படித்தான் பத்தில் ஒரு பங்குக்குப் பக்கமாகச் சுருங்கியது.

கரையோரத்தில் பட்டா நிலங்கள் இருந்தன. அவற்றின் கதை வேறு. மென்பொருள் நிறுவனங்கள் பழைய மகாபலிபுரம் சாலைக்கு வந்து இறங்கிய காலத்தில், எங்கள் டீக்கடை பெஞ்சில் புரோக்கர்கள் உட்கார ஆரம்பித்தார்கள். ஏக்கர், சென்ட் என்று பேசிக்கொண்டிருந்த ஊர் ஒரே வருஷத்தில் கிரவுண்டு கணக்குக்கு மாறியது. சித்தப்பா விற்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஏரிக்கு வரும் வரத்துக்கால்வாயை மேலே யாரோ மூடிவிட்டார்கள். மதகைத் திறந்தாலும் மூன்றாம் மடைக்குத் தண்ணீர் ஏறவில்லை. இரண்டு பெண்களுக்குக் கல்யாணம் செய்ய வேண்டும். "நெல்லு வெளையாத நெலத்துல வூடாவது வெளையட்டுமே" என்றார். வாங்கியவர்கள் லாரி லாரியாக ரப்பீஸ் கொட்டினார்கள். எங்கோ இடித்த வீட்டின் செங்கல், ஓடு, உடைந்த கக்கூஸ் பீங்கான் எல்லாம் நாற்றங்காலின் மேல் கிடந்தன. ஒரு கோடை முடிவதற்குள் நிலம் சாலையைவிட மூன்றடி உயர்ந்துவிட்டது. அந்த மூன்றடித் தண்ணீர் எங்கே போகும் என்று மனைப்பிரிவு வரைபடத்தில் எங்கும் எழுதியிருக்கவில்லை.

பாதுகாப்பு வராமல் இல்லை. 2007-இல் 317 ஹெக்டேரைக் காப்புக்காடாக அறிவித்தார்கள். 2022-இல் சுமார் 1,248 ஹெக்டேருக்கு ராம்சார் தகுதி கிடைத்தது. சர்வதேச முக்கியத்துவம் கொண்ட ஈரநிலம் என்ற மரியாதை. காப்புக்காட்டுக்கு வெளியே, ராம்சார் எல்லைக்குள் என்று ஒரு பெரிய பரப்பு இருக்கிறது. அதில் தனியார் பட்டாவும் உண்டு. சண்டையெல்லாம் அங்கேதான். 2025 செப்டம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, ராம்சார் எல்லைக்குள்ளும் சுற்றி ஒரு கிலோமீட்டருக்கும் ஆய்வு முடியும்வரை புதிய கட்டுமான அனுமதி தரக் கூடாது என்றது. அடுத்த மாதமே ஒரு பெரிய அடுக்குமாடித் திட்டத்துக்கு உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது.

வீடு கட்டாதே என்றால், ஜனங்கள் எங்கே போவார்கள் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பெரும்பாக்கமே பதில் வைத்திருக்கிறது. சென்னையில் கூவம், அடையாற்றங்கரைகளில் குடியிருந்தவர்களை, வெள்ள அபாயம் என்ற காரணத்தையும் சொல்லிப் பெயர்த்து, எங்கள் ஊரில் கட்டிய எட்டு மாடிக் குடியிருப்புகளுக்குக் கொண்டுவந்தார்கள். நகரத்தின் தென்புறத்து வெள்ளமெல்லாம் வந்து சேரும் பள்ளத்துக்கு, வெள்ளத்திலிருந்து காப்பாற்றி அழைத்து வந்தார்கள்! 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் இந்தப் பகுதியில் தண்ணீர் நாள்கணக்கில் நின்றது. அப்படிக் கொண்டுவரப்பட்டவர்கள் எங்களுக்கு எதிரிகள் அல்ல. அந்தத் தண்ணீரில் எங்களோடு நின்றவர்கள். சதுப்பில் இன்னொரு கோபுரம் எழும்பினால் முதலில் மூழ்குவதும் அவர்களுடைய தரைத்தளம்தான்.

என் ஆட்சேபணை பறவைகளுக்காக மட்டுமல்ல என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். பறவை வேறு ஏரிக்குப் போய்விடும். தண்ணீருக்குப் போக வேறு இடமில்லை.

ஆட்சேபணை சொல்ல நமக்கு இருக்கும் வழிகளும் குறைவு. தொழிற்சாலையோ சுரங்கமோ வந்தால் பந்தல் போட்டு, கலெக்டர் தலைமையில் கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்கும். 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, கட்டுமானத் திட்டங்களுக்கு அந்தக் கூட்டத்திலிருந்து விலக்குத் தந்திருக்கிறது. ஆயிரம் வீடு வந்தாலும் ஊரைக் கேட்க வேண்டியதில்லை. ஆகவே நாமாகத்தான் போய்க் கதவைத் தட்ட வேண்டும். இருபதாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டடம் என்றால் மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்திடம் அனுமதி வாங்கியாக வேண்டும். அந்த விண்ணப்பங்கள் 'பரிவேஷ்' இணையதளத்தில் கிடைக்கின்றன. நிலப் பயன்பாட்டை மாற்றுவதென்றால் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.) நாளிதழில் சின்ன எழுத்தில் விளம்பரம் தந்து ஆட்சேபணை கேட்கும். கிராம சபைத் தீர்மானத்துக்கும் கோர்ட்டில் மதிப்பு உண்டு. அதைப் பதிவேட்டில் எழுத வைப்பதுதான் பாடு.

சென்னைக்கு மூன்றாவது மாஸ்டர் பிளான் தயாராகிவருகிறது. சுற்றுவட்டாரத்தில் இன்னும் வயலும் ஏரியும் மிச்சமிருக்கும் ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. வரைவு வெளிவந்ததும் உங்கள் ஊரின் கிராம வரைபடத்தை எடுத்து, ஏரி, தாங்கல், வரத்துக்கால்வாய், மேய்க்கால் ஒவ்வொன்றுக்கும் சர்வே எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். புதிய வரைபடத்தில் அந்த எண்களுக்கு என்ன நிறம் பூசியிருக்கிறார்கள் என்று பாருங்கள். குடியிருப்பு என்று போட்டிருந்தால், கெடு முடிவதற்குள் எழுத்தில் ஆட்சேபணை கொடுங்கள். 'இயற்கையைக் காப்பாற்றுங்கள்' என்று பொதுவாக எழுதினால் கோப்பில் போய்ப் படுத்துக்கொள்ளும். எந்த சர்வே எண், எந்த வருஷ மழையில் எவ்வளவு தண்ணீர், எத்தனை நாள் நின்றது என்று எழுதுங்கள். போட்டோ இருந்தால் இணையுங்கள். ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்குக் கோர்ட்டில் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.