அரைக்காசு அம்மன் சந்நிதியில் கல்யாணம்

கல்யாண மண்டபத்தின் வாடகையைக் கேட்டதுமே பெண்ணைப் பெற்றவர்கள் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்காரும் காலம் இது. மண்டபமே வேண்டாம், கோயிலிலேயே முகூர்த்தத்தை முடித்துவிடலாம் என்று நினைக்கும் புதுக்கோட்டைக்காரர்களுக்கு, ஊரை ஒட்டினாற்போலவே ஒரு திவ்யமான இடம் இருக்கிறது. அதுதான் திருக்கோகர்ணம்.

கோகர்ணேசுவரர் குடிகொண்டிருப்பது பாறையைக் குடைந்த குகையில். ஏழாம் நூற்றாண்டு வேலை. மகேந்திர பல்லவன் காலத்தது என்பார் சிலர். இல்லை, பாண்டியர்களுடையது என்பார் வேறு சிலர். அவர்கள் வழக்கு தீருவதற்குள் ஆயிரம் முகூர்த்தம் ஆகிவிடும்! பசு தன் காதில் கங்கை நீர் கொண்டுவந்து அபிஷேகம் செய்த தலம் என்பது ஐதீகம். தலவிருட்சம் மகிழ மரம். குகைக்கு முன்னால் பின்னாளில் வந்தவர்கள் மண்டபம் மண்டபமாகக் கட்டிச் சேர்த்தார்கள். ஒரு மண்டபத்தின் விதானத்தில் ராமாயணத்தையே ஓவியமாகத் தீட்டியிருக்கிறார்கள். ஹோமப் புகை அந்த வர்ணங்களுக்கு ஆகாது. ஆகவே இங்கே கல்யாணம் என்றால் சுருக்கமாக இருப்பதுதான் அழகு.

அம்பாள் பெயர் பிரகதாம்பாள். பெண்களுக்கு அவள் 'அரைக்காசு அம்மன்' என்றால்தான் தெரியும். புதுக்கோட்டை சமஸ்தானத்தின் குட்டிச் செப்புக் காசில் அவள் உருவம்தான் இருந்தது. நவராத்திரியில் அரிசியோடு அந்தக் காசையும் தானமாகக் கொடுப்பார்கள். பொருள் தொலைந்தால் வெல்லம் வைத்து அவளை வேண்டிக்கொள்வது தமிழ்நாடு முழுவதும் வழக்கம். சாவிக்கொத்து காணாமற்போகாத கல்யாண வீடு உண்டா, சொல்லுங்கள்! அவள் சந்நிதியிலேயே கல்யாணம் என்றால் பாதிக் கவலை விட்டது.

ஆனால் இந்த ஊர் ராஜாவுக்கே அந்தக் கொடுப்பினை இல்லாமற்போனது ஒரு கதை.

தொண்டைமான் மன்னர்கள் 'பிரகதாம்பாதாஸ்', அதாவது அம்பாளின் ஊழியன், என்ற பட்டத்தைத் தரித்தவர்கள். அந்த வம்சத்து மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915 ஆகஸ்டில், கடல் கடந்து மெல்போர்ன் நகரில், மோலி ஃபிங்க் என்ற ஆஸ்திரேலியப் பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். கணவரோடு புதுக்கோட்டைக்கு வந்தாள் அந்தப் பெண். அவளை மகாராணியாக ஏற்க ஆங்கில சர்க்கார் மறுத்துவிட்டது. சில மாதங்களில் இருவரும் ஊரை விட்டே போனார்கள். 1916-ல் ஆண் குழந்தை பிறந்தது. சிம்மாசனம் அதற்குக் கிடைக்கவில்லை. ராஜா 1928-ல் காலமானார். அடுத்துப் பட்டத்துக்கு வந்த ராஜகோபாலத் தொண்டைமானோ கடைசிவரை பிரம்மசாரி! மோலியின் மேல் எனக்கு இரக்கம்தான். புருஷன் வீட்டுக்கு ஆசையோடு வந்தவளை 'நீ யார்?' என்று சர்க்கார் கேட்டால் எந்தப் பெண்தான் தாங்குவாள்?

சமஸ்தானம் 1948 மார்ச் 3-ல் இந்தியாவோடு இணைந்துவிட்டது. ராஜாவுக்கு வாய்க்காத மாலை இன்று குடியானவர் மகளுக்கு வாய்க்கிறது. கோயில் அலுவலகத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, கட்டணத்தைச் செலுத்த வேண்டும். பெண்ணுக்கு 18 வயது, பிள்ளைக்கு 21 நிறைந்திருக்க வேண்டும். வயதுச் சான்று, முகவரிச் சான்று, முதல் திருமணம்தான் என்பதற்குச் சான்று எல்லாம் கேட்பார்கள். சலித்துக்கொள்ளாதீர்கள். பின்னால் 'அவருக்கு ஏற்கெனவே ஒருத்தி இருக்கிறாள்' என்று கேட்டு இடிந்துபோவதைவிட, முன்னால் நாலு காகிதம் தேடுவது எவ்வளவோ மேல். கையில் ஒன்றுமில்லாத குடும்பங்களுக்காக, இந்து சமய அறநிலையத்துறை தன் செலவிலேயே கோயில்களில் கல்யாணம் செய்துவைக்கும் திட்டத்தை 2022-ல் கொண்டுவந்தது.

சௌகரியக் குறைவுகளும் உண்டு. ஜோடனை செய்கிறேன் என்று கல்தூணில் ஆணி அடிக்க முடியாது. விருந்துக்கு வேறு இடம் பார்க்க வேண்டும். பட்டுப்புடவைக்காரிகள் கருங்கல் தரையில் சம்மணமிட்டு உட்காரப் பழகிக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று. அம்மன் சாட்சியாகத் தாலி ஏறிவிட்டாலும், சட்டம் பதிவைக் கேட்கிறது. 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாளுக்குள் திருமணத்தைப் பதிவு செய்துவிட வேண்டும். தவறினால் மேற்கொண்டு 60 நாள், கூடுதல் கட்டணத்தோடு. மறுவீடு, விருந்து என்று சுற்றுவதில் நாள் ஓடிவிடும்; முதல் வாரத்திலேயே போய்விட்டு வந்துவிடுங்கள்.